பாய்லரை மாற்றும் முன் தண்ணீரின் சூட்டைக் குறைத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு ஐம்பது வருடப் பழசு. மூன்று படுக்கையறை. 14 வயதான கேஸ் பாய்லர், 28 கிலோவாட் என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. பாய்லரின் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அறைக்கு ஒன்று. வெந்நீருக்குத் தனி டேங்க் கிடையாது, குழாயைத் திறந்தால் பாய்லரே சூடாக்கித் தரும். வருடத்துக்கு 15,000 யூனிட் (கிலோவாட்-மணி) கேஸ் ஆகிறது. போன குளிர்காலத்தில், வெளியே மைனஸ் 4 டிகிரி இருந்த ஒரு நாளில் மட்டும் 150 யூனிட் ஓடியது. "இது இன்னும் இரண்டு வருடம் தாங்கினால் பெரிய விஷயம், ஹைட்ரஜனிலும் ஓடக்கூடிய புது பாய்லர் போட்டுவிடுங்கள்" என்கிறார் மெக்கானிக். வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் குளிரில் வேலை செய்யாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மின்சாரத்தையும் கேஸை எரித்துத்தானே எடுக்கிறார்கள், புது அணு உலைகளும் அணுக்கரு இணைவும் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது கணவரின் கட்சி. கல்லூரியில் படிக்கும் மகனோ நாளைக்கே பாய்லரைக் கழற்றச் சொல்கிறான். கூரையில் சோலார் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். வீடுகளுக்கு வெப்ப அமைப்பு வடிவமைப்பது என் தொழில். உங்கள் வீட்டில் எல்லோரும் எந்த இயந்திரம் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இன்னொன்று: அந்த வீடு கதகதப்பாக இருக்க, ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர் எத்தனை டிகிரி சூடாக இருக்க வேண்டும்? 70 டிகிரி கேட்கும் வீட்டுக்கு வழிகள் குறைவு. 45, 50 டிகிரியில் சமாளிக்கும் வீட்டுக்கு ஹீட் பம்ப் பொருந்தும், தெருவுக்கே பொதுவாக வரும் வெந்நீர்க் குழாய் பொருந்தும், நாளைக்கு வேறு ஏதாவது வந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். எதிர்கால மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யப் போவதில்லை. வீட்டின் டிகிரியை மட்டும் நீங்கள் முடிவு செய்யலாம்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு காசு செலவில்லை. பாய்லர் இன்னும் ஓடுகிறதே, அதை வைத்தே சோதித்துவிடலாம். பாய்லரின் முகப்பில் இரண்டு திருகு குமிழ்கள் இருக்கும், அல்லது ஒரு திரையும் பொத்தான்களும் இருக்கும். ஒன்றில் குழாய்ப் படம் போட்டிருப்பார்கள், அது குளிக்கும் வெந்நீருக்கு. அதைத் தொடாதீர்கள். ரேடியேட்டர் படம் போட்டது பெரும்பாலான வீடுகளில் 70, 75 டிகிரியில் நிற்கும். பொருத்தியவர் வைத்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். குளிர் தொடங்கியதும் அதை 60க்கு இறக்கி ஒரு வாரம் பாருங்கள். பிறகு 55. பிறகு 50. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில் வெந்நீர் டேங்க் இருந்து, இரண்டுக்கும் ஒரே திருகுதான் என்றால் 65க்குக் கீழே இறக்க வேண்டாம். டேங்கில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே தேங்கிக் கிடந்தால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும்.)

சோதனை நடக்கும் நாட்களில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று பாய்லரை விரட்டி விரட்டி ஓட்டுவீர்கள் என்றால், குறைந்த சூட்டில் அது எடுபடாது. நீண்ட நேரம் மெதுவாக ஓடவிடுங்கள். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு "சுடவே இல்லையே" என்று பயப்படவும் வேண்டாம். 50 டிகிரித் தண்ணீர் ஓடும் ரேடியேட்டர் கைக்கு இதமாகத்தான் இருக்கும். அறைக்குள் இருக்கும் வெப்பமானி 20 காட்டுகிறதா என்பதுதான் கணக்கு.

இந்தச் சோதனையே கேஸை மிச்சப்படுத்தும் என்பது பலருக்குத் தெரியாது. 14 வயது என்றால் உங்களுடையது அநேகமாகக் கண்டென்சிங் வகை பாய்லர். புகையில் நீராவி போகிறது. அது பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து தண்ணீராக மாறும்போது, புகைபோக்கி வழியே வீணாகப் போயிருக்க வேண்டிய வெப்பம் திரும்பக் கிடைக்கிறது. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 75 டிகிரியில் அனுப்பினால் திரும்பி வருவது பெரும்பாலும் 55க்கு மேலேதான் இருக்கும். கண்டென்சிங் பாய்லருக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்த வேலையை அது செய்யவிடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

சரி, 50 டிகிரியில் என்ன நடக்கும்? ஒரு ரேடியேட்டர் 70 டிகிரியில் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் 50 டிகிரியில் தரும். ஆனால் பழைய வீடுகளில் ரேடியேட்டர்களை அளவுக்கு மீறிப் பெரிதாகவே மாட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு யாராவது ஜன்னலை இரட்டைக் கண்ணாடியாக மாற்றியிருப்பார்கள், பரணில் பஞ்சு விரித்திருப்பார்கள். அதனால் பல வீடுகளில் முக்கால்வாசி அறைகள் 50 டிகிரியில் சமாளித்துவிடும். ஒன்றோ இரண்டோ அறைதான் குளிரும். வடக்குப் பக்கத்துப் படுக்கையறை, பிற்பாடு சேர்த்துக் கட்டிய பகுதி, இப்படி ஏதாவது. எந்த அறை தோற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் வரும் செலவில் பெரும்பங்கு அந்தக் குறிப்பில்தான் மிச்சமாகும்.

தோற்ற அறையில் முதலில் ரேடியேட்டர் முழுவதும் ஒரே சீராகச் சூடாகிறதா என்று பாருங்கள். மேல்பாதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அடிப்பாகம் மட்டும் குளிர்ந்திருந்தால் சேறு படிந்திருக்கிறது. இரண்டையும் சரி செய்வது சுலபம். அடுத்து காற்று நுழையும் இடுக்குகள். அதற்கும் மசியவில்லை என்றால், ஒற்றைத் தகடு ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு அதே நீளத்தில் இரட்டைத் தகடு மாட்டலாம். குழாய்களைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் குழாய்கள் 8, 10 மில்லிமீட்டர் விட்டத்தில் மிக மெல்லியவையாக இருந்தால் பொறியாளரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குறைந்த சூட்டில் அதிகத் தண்ணீர் ஓட வேண்டும், அவற்றில் அது சிரமப்படும்.

வீடு முழுவதையும் இன்சுலேஷனால் போர்த்திவிட்டுத்தான் ஹீட் பம்ப் பக்கமே போக வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பரணும் இடுக்குகளும் கட்டாயம், செலவு குறைவு, பலன் உடனடி. கனமான பழைய சுவர்களை உள்பக்கம் மூடுவது வேறு கதை. தவறாகச் செய்தால் சுவருக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டத்தையும் சேர்த்து யோசிக்காமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். அதற்காகக் காத்திருந்து ஐந்து வருடம் கேஸ் எரிப்பதைவிட, ஒரு ரேடியேட்டரை மாற்றிவிட்டு நகர்வது மேல்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர். ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்டது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்து தள்ளுகிறது. மைனஸ் 5 டிகிரிக் காற்றில் என்ன வெப்பம் இருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த இயந்திரத்துக்குள் ஓடும் திரவம் மைனஸ் 15 டிகிரியில் இருந்தால், மைனஸ் 5 டிகிரிக் காற்று அதற்குச் சூடானதுதான். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி, அதிலிருந்தும் வெப்பத்தை எடுத்துத்தானே முதுகுப்பக்கம் விடுகிறது? இயற்பியலாளர் கெல்வின் பிரபு இந்த யோசனையை 1852-இலேயே எழுதிவிட்டார். ஜூரிக் நகர மன்றக் கட்டடத்தில் 1938-இல் லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் ஓடத் தொடங்கியது. இன்று ஐரோப்பாவில் ஆள் கணக்குக்கு ஹீட் பம்ப் அதிகம் இருக்கும் நாடுகள் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து. குளிரில் ஓடாத இயந்திரத்தை அங்கே யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குளிர் ஏற ஏற அது கஷ்டப்படும். இதமான நாளில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 4 யூனிட் வெப்பம் தரும் இயந்திரம், உறைபனி நாளில் இரண்டு, இரண்டரை யூனிட்டோடு நின்றுவிடும். வெளியே இருக்கும் பெட்டியில் பனி படியும். அதை உருக்க அவ்வப்போது சில நிமிடம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், அப்போது புகைபோல ஆவி கிளம்பும். இதெல்லாம் வருட சராசரியில் அடங்கிவிடும். ஒழுங்காகப் பொருத்திய அமைப்பு சராசரியாக 3, அதற்கு மேலும் தரும். ஆனால் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றினால் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் ஏறும். 65 டிகிரியில் ஓட்ட வேண்டிய நிலையில் இருக்கும் ஹீட் பம்ப்தான் "குளிரில் வேலை செய்யாத" ஹீட் பம்ப். அவருடைய நண்பர் யாராவது அப்படி ஒன்றில் மாட்டியிருக்கலாம்.

அளவும் முக்கியம். இங்கே நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். மைனஸ் 4 டிகிரியில் ஒரு நாளுக்கு 150 யூனிட். அதில் குளியலுக்கும் அடுப்புக்கும் 10 போனதாக வைத்துக்கொள்வோம். மீதி 140. பழைய பாய்லர் அதில் 85 சதவீதத்தை வெப்பமாக வீட்டுக்குள் தந்திருக்கும், அதாவது சுமார் 119 யூனிட். 24 மணி நேரத்தால் வகுத்தால் 5 கிலோவாட். கடும் குளிர் நாளில் உங்கள் வீடு கேட்பது அவ்வளவுதான்! இன்னும் மோசமான இரவுக்காகக் கொஞ்சம் சேர்த்தாலும் 6, 7 கிலோவாட்டில் முடிந்துவிடும். 28 கிலோவாட் பாய்லர் எதற்கு என்றால், குழாயைத் திறந்த நொடியில் குளிக்க வெந்நீர் தருவதற்கு. வீட்டைச் சூடாக்க அதில் கால்வாசிகூடத் தேவையில்லை. "பாய்லர் 28 என்பதால் ஹீட் பம்பும் பெரிதாக 14 போடலாம்" என்று யாராவது சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். அளவுக்கு மீறிய ஹீட் பம்ப் நின்று நின்று ஓடும். மின்சாரமும் தின்னும், கம்ப்ரஸரின் ஆயுளும் குறையும்.

உங்களுக்கு வரப்போகும் உண்மையான தலைவலி டேங்க். 7 கிலோவாட் இயந்திரம் குழாயில் உடனுக்குடன் வெந்நீர் தராது, முன்கூட்டியே சூடாக்கிச் சேமிக்க வேண்டும். நான்கு பேர் குளிக்கும் வீட்டுக்கு 200 லிட்டர் அளவில் ஒரு டேங்க் நிற்க இடம் வேண்டும். மாடிப்படிக்குக் கீழேயா, பழைய அலமாரியிலா என்று இப்போதே யோசியுங்கள். எனக்குத் தெரிந்து ஹீட் பம்ப் திட்டங்கள் குளிரால் நின்றதைவிட டேங்குக்கு இடம் கிடைக்காமல் நின்றதே அதிகம்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது, அதற்குக் கணக்கே பதில் சொல்லும். 100 யூனிட் கேஸை உங்கள் பாய்லரில் எரித்தால் வீட்டுக்குள் 85 யூனிட் வெப்பம் வரும். அதே 100 யூனிட்டை ஒரு நல்ல மின்நிலையத்தில் எரித்தால் 50 யூனிட் மின்சாரம் கிடைக்கும், கம்பிவழி இழப்பு போக 46 வந்து சேரும். ஹீட் பம்ப் அதை மூன்றாகப் பெருக்கினால் 138 யூனிட் வெப்பம். நாட்டின் மின்சாரம் முழுவதும் கேஸிலிருந்து வந்தாலும் ஹீட் பம்ப்தான் ஜெயிக்கிறது. பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தால் மட்டும் அவர் சொல்வது சரி. நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியிடும், கேஸ் பாய்லரைவிட அது மோசமாகிவிடும். உங்கள் வீட்டுக் கணக்கில் இரண்டும் சமமாகும் எல்லைக்கோடு, மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். உங்கள் மின்கட்டமைப்பின் சராசரி அதற்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மின்கட்டமைப்பை நடத்தும் நிறுவனங்கள் இந்த எண்ணைப் பல நாடுகளில் வெளியிடுகின்றன.

அதோடு, இன்று வாங்கும் இயந்திரம் 15, 20 வருடம் ஓடும். கேஸ் பாய்லர் முதல் நாள் விடும் கரியமில வாயுவையே கடைசி நாளிலும் விடும், யூனிட்டுக்கு 200 கிராம். மின்சாரம் அப்படியே இருக்காது. பிரிட்டனில் 2012-இல் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அங்கிருந்த ஒவ்வொரு ஹீட் பம்பும், யாரும் அதைத் தொடாமலேயே, சுத்தமாகிக்கொண்டே வந்தது.

மெக்கானிக் சொல்லும் ஹைட்ரஜன் பாய்லரை நான் வாங்க மாட்டேன். பாய்லர் தயாராக இருக்கலாம், ஹைட்ரஜன் எங்கே? காற்றாலை மின்சாரம் 100 யூனிட்டை வைத்துத் தண்ணீரைப் பிரித்தால் 70 யூனிட் ஹைட்ரஜன் கிடைக்கும். அதை அழுத்தி, அனுப்பி, எரித்தால் வீட்டுக்குள் வருவது 60 யூனிட் வெப்பம். அதே 100 யூனிட் மின்சாரத்தை ஹீட் பம்புக்குக் கொடுத்தால் 300. ஐந்து மடங்கு காற்றாலைகளை நட்டு அதே வீட்டைச் சூடாக்குவதை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார். கேஸ் குழாயில் 20 சதவீதம் ஹைட்ரஜன் கலப்போம் என்கிறார்களே என்றால், அது கொள்ளளவுக் கணக்கு. ஹைட்ரஜன் லேசானது என்பதால் ஆற்றலில் அது 7 சதவீதம்தான், கரியமில வாயு குறைவதும் அவ்வளவுதான். பிரிட்டனில் ஒரு குடியிருப்பையே ஹைட்ரஜனுக்கு மாற்றிப் பார்க்க விட்பி, ரெட்கார் என்ற இரண்டு இடங்களைப் பரிசீலித்து, 2023-இல் இரண்டையும் கைவிட்டார்கள். எஃகு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் ஹைட்ரஜன் தேவைப்படும், கிடைப்பது அங்கே போகட்டும்.

அணுக்கரு இணைவைப் பற்றி நீண்ட நேரம் பேசலாம், எனக்கும் ஆசைதான். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் லேசர் கொடுத்த 2.05 மெகாஜூலுக்கு 3.15 மெகாஜூல் திரும்பக் கிடைத்தது. மகத்தான சாதனை. ஆனால் அந்த லேசரை ஒரு முறை சுட, மின்கட்டமைப்பிலிருந்து சுமார் 300 மெகாஜூல் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடம் தாங்குமா என்று தெரியாத பாய்லருக்கு இது மாற்று ஆகாது. வழக்கமான அணு உலையே மெதுவாகத்தான் வருகிறது: பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலை 2005-இல் கட்டத் தொடங்கி, 2009-இல் முடியும் என்று சொல்லி, 2023-இல்தான் முறையான உற்பத்திக்கு வந்தது. வரும்போது அது தருவதும் மின்சாரம்தானே? உங்கள் வீட்டில் மின்சாரத்தை நன்றாகப் பயன்படுத்தும் இயந்திரம் இருந்தால், அணு உலையும் காற்றாலையும் எது முந்தினாலும் உங்களுக்கு லாபம்.

எதிர்கால மின்சாரத்தைப் பற்றி நான் உண்மையாகக் கவலைப்படுவது வேறு ஒரு இடத்தில். எல்லா வீடும் மின்சாரத்துக்கு மாறினால், காற்றும் வெயிலும் இல்லாத கடுங்குளிர் வாரத்தில் என்ன செய்வது? பிரான்ஸ் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அங்கே அணு மின்சாரம் பெருகியபோது, சாதாரண மின் ஹீட்டர்களும் வீடுகளில் பெருகின. குளிர்காலத்தில் ஒரு டிகிரி குறைந்தால் அந்த நாட்டின் மின்தேவை சுமார் 2,400 மெகாவாட் கூடும், ஏறக்குறைய இரண்டு பெரிய அணு உலைகளின் உற்பத்தி. 2012 பிப்ரவரி 8 அன்று தேவை 1,02,000 மெகாவாட்டைத் தொட்டது. ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் வெப்பமாக மட்டுமே மாற்றும் ஹீட்டர்களின் விளைவு இது. அதே வெப்பத்தை ஹீட் பம்ப் கொடுத்தால் கடுங்குளிரிலும் பாதி அல்லது அதற்கும் குறைவான மின்சாரம் போதும். அதிலும் 45 டிகிரியில் ஓடும் வீடு, 65 டிகிரியில் ஓடும் வீட்டைவிட உச்ச நேரத்தில் மிகக் குறைவாகக் கேட்கும். உங்கள் ரேடியேட்டர் திருகுக்கும் நாட்டின் மின்நிலையத்துக்கும் இப்படி ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது.

இன்னொரு சௌகரியம், மின்சாரத்தைவிட வெப்பத்தைச் சேமிப்பது மலிவு. டென்மார்க்கில் வோயன்ஸ் என்ற ஊரில் 2 லட்சம் கன மீட்டர் கொள்ளும் குழி வெட்டி, விரிப்பு போட்டு, கோடை வெயிலில் சூடாக்கிய தண்ணீரை மூடி வைத்துக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். பின்லாந்தின் பொர்னாய்னெனில் 2025-இல் திறந்த சேமிப்புக் கலனில், நொறுக்கிய மாக்கல் மணலைச் சூடாக்கி ஒரு லட்சம் யூனிட் வெப்பத்தை வைத்திருக்க முடியும். உங்கள் அளவில், 200 லிட்டர் டேங்கும் வீட்டுச் சுவர்களும் சின்னச் சேமிப்புதான். மின்சாரம் மலிவாக இருக்கும் பிற்பகலில் வீட்டை ஒரு டிகிரி ஏற்றி வைத்துவிட்டு, எல்லோரும் அடுப்பு மூட்டும் மாலை இரண்டு மணி நேரம் ஹீட் பம்பை ஓய்வில் விடலாம். நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டம் இருந்தால் பில்லிலும் தெரியும்.

எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒன்று விசாரியுங்கள்: உங்கள் தெருவுக்குப் பொது வெந்நீர் இணைப்பு வரும் திட்டம் உண்டா? டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் அப்படித்தான் சூடாகின்றன. எஸ்பியெர் துறைமுக நகரத்தில் கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பிரம்மாண்டமான ஹீட் பம்புகள் வந்த பிறகு, அங்கிருந்த நிலக்கரி நிலையத்தை 2024-இல் மூடினார்கள். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் முழுக்கவே பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில் வாழ்கிறது. நெருக்கமான தெருக்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இதுதான் சிறந்த வழி என்பது என் கருத்து. இரண்டு மூன்று வருடத்தில் வரும் என்றால் காத்திருக்கலாம். "பரிசீலனையில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் காத்திருக்க வேண்டாம்.

சோலார் பேனல் நல்லதுதான், போடுங்கள், ஆனால் குளிருக்கு மருந்தாக நினைத்துப் போடாதீர்கள். குளிர் நாடுகளில் டிசம்பரில் கிடைக்கும் மின்சாரம் ஜூனில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கோடையில் வெந்நீர் டேங்கை இலவசமாகச் சூடாக்கும், அதுவரைக்கும் சரி. விறகு அடுப்பு காட்டுப்பகுதியில் தனித்து நிற்கும் வீட்டுக்கு ஓகே. நெருக்கமான தெருவில் அதன் நுண்துகள் புகை முதலில் உங்கள் வீட்டு ஆட்களின் நுரையீரலுக்குத்தான் போகும்.

மகனிடம் சொல்லுங்கள், அவன் அவசரத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் பாய்லர் வருடத்துக்குச் சுமார் 3 டன் கரியமில வாயு விடுகிறது. சும்மா இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் 6 டன். ஆனால் ஒரு குளிர்காலத்தைச் சோதனைக்குக் கொடுப்பதால், அடுத்த இருபது வருடம் தவறான அளவில், தவறான சூட்டில் ஓடும் இயந்திரத்தைத் தவிர்க்கிறீர்கள். அந்தப் பேரத்தை நான் ஏற்றுக்கொள்வேன். அவன் ஆர்வமாக இருப்பதால் ஒரு வேலை கொடுங்கள்: தினமும் மீட்டர், வெளிக்குளிர், அறை வெப்பம் மூன்றையும் எழுதி வைக்கட்டும்.

அடுத்த கோடையில் இரண்டு, மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். அறை அறையாக அளந்து வெப்ப இழப்புக் கணக்கு போடாமல் விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். எந்தச் சூட்டுத் தண்ணீருக்கு வடிவமைத்திருக்கிறார், அந்தச் சூட்டில் வருடச் சராசரி எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஹீட் பம்புக்குள் ஓடும் வாயு எது என்றும் கேளுங்கள். பழைய ஆர் 410ஏ வெளியே கசிந்தால் கரியமில வாயுவைவிட இரண்டாயிரம் மடங்கு வெப்பம் பிடிக்கும். ஆர் 290 என்பது புரொப்பேன், அந்தத் தொல்லை அதில் அநேகமாக இல்லை. எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பெட்டியை ஜன்னலுக்கும் வடிகாலுக்கும் தள்ளி வைப்பார்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பாய்லர்கள் பெரும்பாலும் உச்சக் குளிரில்தான் உயிரை விடும். அந்த வாரத்தில் வீடே நடுங்கும்போது யாரும் நிதானமாக முடிவெடுப்பதில்லை. மெக்கானிக் கையில் இருக்கும் பாய்லரை மாட்டிவிட்டுப் போவார், இன்னும் பதினைந்து வருடம் கேஸ்தான். சோதனைக் குறிப்பு, டேங்குக்கான இடம், விலைப்புள்ளி மூன்றும் தயாராக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் மாறிவிடலாம். அந்த இடைவெளிக்கு 2 கிலோவாட் மின் ஹீட்டர் இரண்டு வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மட்டும் செருகிவிடாதீர்கள்.